பங்களிப்பாளர் பயனர்பெயரை மாற்றிவிட்டார், பழைய கமிட்டுகளை என்ன செய்வது?

நெய்தல்:
வணக்கம். ஒரு சிறிய கட்டற்ற மென்பொருளைப் பராமரிக்கிறேன். முதலிலிருந்தே உடன் இருப்பவர் நிரல் வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் பெயர், மின்னஞ்சல் இரண்டையும் மாற்றிக்கொண்டார். இப்போது ஷார்ட்லாக் (ஆள்வாரியாகக் கமிட்டுகளை எண்ணித் தரும் கிட் கட்டளை) போட்டால் அவர் ஒருவரே மூன்று ஆளாக வருகிறார், எண்ணிக்கை சிதறி நன்றிப் பட்டியலில் அடியில் கிடக்கிறார். கமிட் (நிரலில் செய்த மாற்றத்தின் பதிவு) வரலாற்றையே திருத்திவிடலாமா?

ஆலமரம்:
வேண்டவே வேண்டாம். ஒரு பழைய கமிட்டில் பெயரைத் தொட்டால் அதற்குப் பின் வரும் எல்லா ஹாஷும் (கமிட்டின் அடையாள எண்) மாறும், குளோன் (முழு நகல்) எடுத்தவர்கள் திண்டாடுவார்கள். ரெப்போவின் (திட்டத்தின் நிரல் களஞ்சியம்) மேல்மட்டத்தில் .மெயில்மேப் (.mailmap) என்று ஒரு கோப்பு வையுங்கள். ஒவ்வொரு பழைய மின்னஞ்சலுக்கும் ஒரு வரி: இப்போதைய பெயர், இப்போதைய மின்னஞ்சல், கடைசியாக அந்தப் பழைய மின்னஞ்சல், அவ்வளவுதான். ஷார்ட்லாக் மூன்றையும் சேர்த்து எண்ணும், 2019இல் வந்த கிட் 2.23 முதல் வரலாற்றைக் காட்டும் சாதாரண லாக் கட்டளையும் இதை எடுத்துக்கொள்கிறது. கிட்ஹப் தளம் மட்டும் இதைப் பார்க்காது, அது மின்னஞ்சலை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். அதனால் பழைய முகவரியையும் அவர் கணக்கிலேயே சேர்த்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.

வெட்டுக்கிளி:
முதலில் அவரிடம் கேளுங்கள். மெயில்மேப்பில் பழைய முகவரி எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கும். பாலினம் மாறியவரோ யாரிடமிருந்தோ விலகி வந்தவரோ பழைய முகவரியையும் புதிய பெயரையும் ஒரே வரியில் பார்க்க விரும்பமாட்டார். பெயர் விஷயத்தில் கறாராக இருந்த லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையக்கரு) திட்டமே 2023இல் 'உண்மைப் பெயர்' என்ற நிபந்தனையைத் தளர்த்தி, அறியப்பட்ட அடையாளம் இருந்தால் போதும், அநாமதேயம்தான் கூடாது என்று மாற்றிக்கொண்டது. இன்னொன்று, அவர் விட்டுவிட்ட பயனர்பெயரை கிட்ஹப்பில் வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். நன்றிப் பட்டியலில் பழைய சுட்டி இருந்தால் நாளைக்கு அது முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் நிற்கும், இன்றே மாற்றிவிடுங்கள்.

நெய்தல்:
சுட்டி விஷயம் தோன்றவே இல்லை, நன்றி. அவரிடம் கேட்டுவிட்டு மெயில்மேப் போடுகிறேன்.

கருவேலம்:
பட்டியலைத் தொடும்போதே ஒன்று பாருங்கள். கமிட்டை மட்டும் எண்ணினால் மொழிபெயர்த்தவர், பிழையைத் தேடிச் சொன்னவர், ஆவணம் எழுதியவர் யாரும் வரமாட்டார்கள். பத்துப் பேர் செய்த மொழிபெயர்ப்பைப் பராமரிப்பாளர் ஒரே கமிட்டாக ஏற்றினால் பத்துப் பேரும் காணாமல் போவார்கள். கமிட் செய்தியின் கடைசியில் ஆளுக்கு ஒரு கோ-ஆத்தர்ட்-பை (Co-authored-by, இணை ஆசிரியர்) வரி போட்டால் கிட்ஹப் அவர்களையும் காட்டும். எந்தப் பெயரில், எந்த மின்னஞ்சலில் வர வேண்டும் என்பதை இணைக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள்.