நாஸ் பெட்டிக்குள் போக விடாமல் குரோம் மறிக்கிறது, ‘தொடர்க’ இணைப்பையும் காணோம்

கமெராக்காரன் (கோண்டாவில்):
இரண்டு நாளாக மண்டை காய்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கலியாணவீடு, சாமத்தியவீடு என்று படம் எடுப்பதுதான் தொழில். எல்லாப் படமும் வீட்டில் உள்ள நாஸ் பெட்டியில்தான் (வீட்டு வலையமைப்பில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டி) கிடக்கிறது.

முந்தாநாள் வரை கொம்பியூட்டரில் பெட்டியின் பெயரை அடித்தால் நேரே உள்ளே போகும். இப்போது சிவப்பு எச்சரிக்கை, கீழே சின்ன எழுத்தில் ‘செர்ட் டேட் இன்வேலிட்’. வழக்கமாக வரும் ‘தொடர்க’ இணைப்பும் இல்லை, எச்எஸ்டிஎஸ் என்று ஏதோ ஒரு பந்தி இருக்கிறது. பெயருக்குப் பதிலாக 192.168.8.20 என்று இலக்கத்தை அடித்தால் பிழை ‘செர்ட் காமன் நேம் இன்வேலிட்’ என்று மாறுகிறது. அதில் ‘தொடர்க’ உண்டு, ஆனால் அமுக்கப் பயம். போனில் எச்சரிக்கையே வராது. சும்மா சுற்றிச் சுற்றி நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை ஒரு அல்பம் கொடுக்க வேண்டும். படங்கள் போய்விட்டனவோ?

வடலி:
படம் எங்கேயும் போகாது, பதற வேண்டாம். விண்டோஸில் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, மேலே இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு 192.168.8.20 என்று அடியுங்கள். அந்த வழிக்கு, தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் (பிழையில் உள்ள ‘செர்ட்’ அதுதான்) தேவையில்லை. அல்பம் வேலையை அதிலேயே பாருங்கள்.

கரண்ட் போய்ப் போய் வருகிறதா? பெட்டிக்குள் இருக்கும் சிஆர்2032 பட்டரி செத்து, அதன் கடிகாரம் பின்னுக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

சைக்கிள்கடை:
இதுக்கு ஏன் இவ்வளவு கதை? அந்தச் சிவப்புப் பக்கத்தில் எங்கேயாவது ஒரு கிளிக் பண்ணிவிட்டு ‘திஸ்இஸ்அன்சேஃப்’ என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடியுங்கள். குரோம் வாயை மூடிக்கொண்டு விட்டுவிடும்.

பழையமோடம்:
சைக்கிள்கடைத் தம்பி சொல்வது வேலை செய்யும். ஆனால் காரணம் தெரியாமல் அதைப் பழக்கமாக்கினால், ஒரு நாள் உண்மையிலேயே யாராவது நடுவில் புகுந்தாலும் அதே சொல்லைத்தான் அடிப்பீர்கள். அது கதவு பூட்டியிருக்கிறது என்று ஓட்டைப் பிரித்து இறங்குகிற வேலை.

பட்டரி என்பதும் சரிவராது. சான்றிதழின் திகதியை பிரவுசர் ஒப்பிடுவது பார்க்கிற கொம்பியூட்டரின் கடிகாரத்தோடுதான், பெட்டியின் கடிகாரத்தோடு அல்ல.

கமெராக்காரன் தம்பி, மூன்று விசயம் பார்த்துச் சொல்லும். எச்சரிக்கைப் பக்கத்தில் அந்தப் பிழைப் பெயரின் மேலேயே கிளிக் பண்ணினால் சான்றிதழ் விவரம் விரியும். அதை வழங்கியவர் யார், எத்தனையாம் திகதி முடிகிறது? கடந்த மூன்று மாதத்தில் வீட்டில் என்ன மாறியது? போனில் மட்டும் ஏன் வேறு மாதிரி, பெயரை எங்கேயாவது கையால் எழுதி வைத்தீரோ?

கமெராக்காரன்:
நன்றி அண்ணை. ஃபோல்டர் வழியாகப் படம் எல்லாம் தெரிகிறது, இப்பதான் உயிர் வந்தது.

வழங்கியவர் லெட்ஸ் என்கிரிப்ட் (இலவசமாகச் சான்றிதழ் தரும் அமைப்பு), முடிந்தது முந்தாநாள். ரொறன்ரோவில் உள்ள சித்தப்பா படம் பார்க்க என்று போன வருடம் இலவசமாக ஒரு இணையப் பெயர் எடுத்துப் போட்டது. நாஸ் அமைப்புப் பக்கத்தில் எச்எஸ்டிஎஸ் என்ற கட்டத்தில் சரி போட்டதும் நான்தான், பாதுகாப்பு என்று எழுதியிருந்தது, போட்டுவிட்டேன்.

பழைய செம்புக் கம்பி இணைப்பை விட்டு 4ஜி ரவுட்டருக்கு மாறினேன். வீட்டு இலக்கங்கள் 192.168.8 வரிசைக்கு மாறியதால், கொம்பியூட்டரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயருக்குப் புது இலக்கத்தை எழுதினேன். போனில் எதுவும் எழுதவில்லை. ஆனால் அண்ணை, மாறி ஒன்றரை மாதம். அவ்வளவு நாளும் எல்லாம் ஓடியதே?

பழையமோடம்:
அந்த ஒன்றரை மாதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அந்தச் சான்றிதழின் ஆயுள் 90 நாள். முடிய ஒரு மாதம் இருக்கும்போதே பெட்டி தானாகப் புதுப்பிக்கப் பார்க்கும். அதற்கு லெட்ஸ் என்கிரிப்ட் வெளியிலிருந்து 80ஆம் போர்ட் (ரவுட்டரில் ஒரு வாசல்) வழியாக உமது வீட்டுக் கதவைத் தட்டி, பெயர் உம்முடையதுதானா என்று பார்க்கும். ரவுட்டரை மாற்றிய அன்றே அந்தக் கதவு மூடிவிட்டது, ஆனால் கையில் இருந்த சான்றிதழுக்கு இன்னும் நாள் இருந்தது. பெட்டி ஒரு மாதமாகத் தட்டித் தோற்றுக்கொண்டிருந்திருக்கும், பதிவேட்டைத் திறந்தால் தெரியும். முந்தி முடியப் போகிறது என்று மின்னஞ்சல் வரும், 2025 ஜூனோடு அதையும் நிறுத்திவிட்டார்கள்.

‘தொடர்க’ காணாமல் போனது நீர் போட்ட அந்தச் சரியால். இந்தப் பெயருக்குச் சான்றிதழ் பிழை என்றால் விலக்குக் கொடுக்காதே என்று பிரவுசருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் எச்எஸ்டிஎஸ். அது பெயருக்கு மட்டும்தான், இலக்கத்துக்கு இல்லை. அதனால் 192.168.8.20க்கு ‘தொடர்க’ வருகிறது. சான்றிதழில் இருப்பது பெயர், நீர் அடித்தது இலக்கம், ஆகவே பெயர் பொருந்தவில்லை என்ற பிழை. உமது வீட்டு வயருக்குள், உமது பெட்டியின் இலக்கம் என்று நிச்சயம் தெரிந்தால் அதை அமுக்கலாம். பொது வைஃபையில் வேண்டாம்.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி இலக்கம் என்ன என்று பாரும்.

கமெராக்காரன்:
100.87 என்று தொடங்குகிறது. கூகுளில் என் ஐபியைக் கேட்டால் வேறொன்று காட்டுகிறது.

பழையமோடம்:
நினைத்தேன். 100.64 முதல் 100.127 வரை உள்ளவை பல வீடுகளை ஒரே பொது இலக்கத்துக்குப் பின்னால் அடுக்கி வைக்கும் வரிசை. ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியாள் உள்ளே வர முடியாது. போன் சுற்றுவதும் இதனால்தான். அது அந்தப் பொது இலக்கத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது.

முற்றத்துமல்லி:
போர்ட் இல்லாமலும் வழி இருக்கிறது. 192.168 வரிசை பாதி வீடுகளில் இருப்பதால் அந்த இலக்கத்துக்கு ஒருவரும் பொதுச் சான்றிதழ் தர மாட்டார்கள், பெயருக்குத்தான் எடுக்க வேண்டும். கதவைத் தட்டுவதற்குப் பதிலாக, அந்தப் பெயரின் டிஎன்எஸ் பதிவில் (பெயருக்கு எந்த இலக்கம் என்று சொல்லும் இணைய ஏடு) ஒரு டிஎக்ஸ்டி, அதாவது வெறும் எழுத்து வரி எழுதிக் காட்டினால் போதும். தம்பி எடுத்த பெயர் டக்டிஎன்எஸ் என்ற இலவசச் சேவையுடையது என்றால் அதில் இது முடியும். பெட்டியில் எஸ்எஸ்எச் (கட்டளை அடிக்கும் வழி) திறந்து, சான்றிதழ் எடுத்துத் தரும் ‘ஆக்மி.எஸ்எச்’ நிரலைப் போட்டு, டக்டிஎன்எஸ் கணக்கின் டோக்கனை (ரகசியக் குறியீடு) கொடுங்கள்.

அப்புறம் பெயரை 192.168.8.20க்கே காட்ட வையுங்கள், போனிலும் வீட்டுக்குள் திறக்கும். பெட்டி தானாக அதை மாற்றி எழுதாமல், டைனமிக் டிஎன்எஸ் புதுப்பிப்பை நிறுத்த மறக்க வேண்டாம்.

கமெராக்காரன்:
டக்டிஎன்எஸ்தான் அக்கா. நேற்று இரவு இருந்து செய்தேன். கொம்பியூட்டரில் பச்சைக்கொடி. ஆனால் போனில் நாஸ் ஆப் மட்டும் ‘நம்பகமற்ற சான்றிதழ்’ என்று அடம்பிடிக்கிறது.

முற்றத்துமல்லி:
பெட்டியில் ஏற்றும்போது, உங்கள் சான்றிதழை நம்பகமான மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழுக்கு என்று இன்னொரு கட்டம் இருந்திருக்குமே? அதைக் காலியாக விட்டிருப்பீர்கள். குரோம் அந்த இடைவெளியைத் தானே தேடி நிரப்பிக்கொள்ளும், போன் ஆப்கள் அநேகமாக அப்படிச் செய்யாது. இரண்டும் சேர்ந்த ‘ஃபுல்செயின்’ கோப்பை ஏற்றுங்கள். அந்த நிரலை அட்டவணை போட்டு ஓட விடுங்கள், இல்லையென்றால் மூன்று மாதத்தில் இதே கேள்வியோடு வருவீர்கள்.

கமெராக்காரன்:
அதுதான் அக்கா, காலியாகத்தான் விட்டிருந்தேன். இப்ப போனிலும் திறக்கிறது. அட்டவணையும் போட்டாயிற்று. சித்தப்பாவுக்கு என்ன செய்யலாம்? பெயர் இப்போது வீட்டு இலக்கத்தைத்தானே காட்டுகிறது.

பழையமோடம்:
அவருக்கு டெய்ல்ஸ்கேல் (இரண்டு இடங்களைத் தனிவழியில் இணைக்கும் ஆப்) போட்டுக் கொடும். இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே அழைப்பதால் 100.87 தடையாக இருக்காது. பெட்டியின் உள்நுழைவுப் பக்கத்தை மட்டும் வெட்ட வெளியில் வைக்காதேயும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கப்ப வைரஸ் அப்படித் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளைத்தான் தேடித் தேடிப் பூட்டியது.

கமெராக்காரன்:
சரி அண்ணை. நாளை இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், அங்கே அப்போதுதான் காலைத் தேத்தண்ணி நேரம். சித்தப்பாவுக்கு ஆப் நிறுவ வைப்பது சான்றிதழை விடக் கஷ்டமாக இருக்கும் போல.