கவுன்சிலரின் தம்பிக்கே ஒப்பந்தம்: எங்கே கேட்பது?

சாட்ஸ்வொர்த் அக்கா:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் வார்டில் சாலையோரப் புல் வெட்டும் வேலை கவுன்சிலரின் தம்பிக்குப் போயிருக்கிறது. லாரிக் கதவில் அவர் கம்பெனிப் பெயரை நானே பார்த்தேன். நான் வார்டு கமிட்டியில் இருக்கிறேன். கேட்டால், "நம்ம ஆளு, விடுங்க" என்கிறார்கள். 2022 வெள்ளத்தில் எங்கள் தெருவுக்கு முதலில் ஓடி வந்தவர் இந்தக் கவுன்சிலர்தான். அதனால்தான் மனசு கேட்கவில்லை. சட்டப்படி என்ன செய்யலாம்?

பீனிக்ஸ் அண்ணன்:
தாராளமாகக் கேட்கலாம், அக்கா. கவுன்சிலர்களின் நடத்தை விதிகள் 1998ஆம் ஆண்டு உள்ளாட்சிக் கட்டமைப்புச் சட்டத்தில் 7ஆம் அட்டவணையாக இருக்கின்றன. 2021 நவம்பருக்கு முந்தைய பிரதியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அப்போது அது வேறு சட்டத்தில் இருந்தது.

நெருங்கிய உறவினருக்கு மாநகராட்சி ஒப்பந்தத்தால் நேரடிப் பலன் கிடைத்தால், அடுத்த மன்றக் கூட்டத்திலேயே கவுன்சிலர் முழு விவரமும் சொல்லியாக வேண்டும். அதனால் ஒப்பந்தம் கிடைத்ததே குற்றம் என்று எடுத்த எடுப்பில் எழுதாதீர்கள். மன்றத்தில் சொன்னாரா, அதுதான் கேள்வி. நான் பல வருடம் கூட்டக் குறிப்பு எழுதியவன். சொல்லியிருந்தால் குறிப்பில் கட்டாயம் இருக்கும். குறிப்பைத் தர மறுத்தால் 2000ஆம் ஆண்டுத் தகவல் சட்டப்படி மனு போடுங்கள். சொல்லவில்லை என்று தெரிந்தால் மன்ற சபாநாயகருக்குப் புகார் எழுதுங்கள்: தேதி, இடம், லாரி எண் எல்லாம் வேண்டும். விதி மீறல் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் அவர் விசாரித்தே ஆக வேண்டும்.

வெருலம் தம்பி:
சபாநாயகரும் அதே கட்சிக்காரர் என்றால் என்ன ஆகும்? இன்னொன்று, நம்மிடமும் கோளாறு இருக்கிறது. தீபாவளிக்குப் பெரிய பரிசுக்கூடை கொடுத்துவிட்டு, மறுவாரமே கோயிலுக்குப் பார்க்கிங் இடம் கேட்டுக் கவுன்சிலரிடம் போய் நிற்கிறோம்.

பீனிக்ஸ் அண்ணன்:
தம்பி சொல்வது சரி. மன்றத்தில் நமக்காகப் பேசுவதற்குப் பரிசு வாங்குவது விதிப்படி தவறு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் எந்தப் பரிசு வந்தாலும் பதிய வேண்டும். கோயில் கமிட்டிகள் கூடையை நிறுத்தினாலே அவருக்குப் பாதி சங்கடம் தீரும். கட்சி விஷயத்துக்கு: புகாரின் நகலை மாகாண உள்ளாட்சி அமைச்சருக்கும் அனுப்புங்கள். தனி விசாரணைக் குழு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

சாட்ஸ்வொர்த் அக்கா:
நன்றி அண்ணா. முதலில் குறிப்புக்கு எழுதுகிறேன். கவுன்சிலரிடமும் நேரில் சொல்லிவிடுகிறேன். முதுகுக்குப் பின்னால் செய்ய எனக்கு விருப்பமில்லை.

பீனிக்ஸ் அண்ணன்:
நல்லது. ஆனால் மனு கொடுத்ததும் உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்காமல் கவுன்ட்டரை விட்டு வராதீர்கள்.