ஐபியை அடைத்தும் லாகின் தாக்குதல் நிற்கவில்லை

தேக்கா_சேலைக்கடை:
வேர்ட்பிரஸ்ஸில் இணையக் கடை. மூன்று நாளாக இரவு 2 மணிக்கு மேல் லாகின் பக்கத்தில் ஆயிரக்கணக்கான முயற்சிகள். வெளிநாட்டு ஐபிகளை அடைத்தேன். மறுநாள் சிங்கப்பூர் ஐபிகளிலிருந்தே வருகிறது, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று முயற்சிதான். கூடவே 1 வெள்ளி பரிசுக் கூப்பனுக்கு அட்டைகள் வரிசையாக மறுக்கப்படுகின்றன. தீபாவளி நெருங்குகிறது, என்ன செய்யலாம்?

லாக்_வாசகன்:
இரண்டும் வெவ்வேறு தாக்குதல் அண்ணே. லாகின் பக்கம் வருவது, வேறெங்கோ கசிந்த மின்னஞ்சல், பாஸ்வேர்ட் ஜோடிகளை உங்கள் கடையில் போட்டுப் பார்க்கும் பாட், அதாவது தானாக இயங்கும் நிரல். உள்ளூர் ஐபி என்பதால் ஆள் உள்ளூரில் இருப்பதாக நினைக்காதீர்கள். யார் வீட்டு ரவுட்டரோ கேமராவோ தாக்குபவர்கள் கையில் இருக்கும். 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியதும் இப்படித்தான்: பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாத கருவிகளாகப் பார்த்துப் பிடித்தது. கைப்பேசி இணைப்பில் பலர் ஒரே ஐபியைப் பகிர்வதால், அடைக்க அடைக்க உங்கள் வாடிக்கையாளர்தான் வெளியே நிற்பார்.

தோற்ற முயற்சிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், ஜெயித்தவற்றைத் தேடுங்கள். சர்வர் லாக்கில், அதாவது வருகைப் பதிவில், ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு பதில் எண் இருக்கும். வேர்ட்பிரஸ்ஸின் வழக்கமான லாகின் பக்கத்தில் தவறான பாஸ்வேர்டுக்கும் 200 தான் வரும். நடுவில் 302 இருந்தால் உள்ளே போய்விட்டார்கள். அந்தக் கணக்குகளை உடனே லாக்அவுட் செய்து, பாஸ்வேர்டை மாற்ற வையுங்கள். டெலிவரி முகவரி மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணக்குக்கு 5 முயற்சி என்ற வரம்பு மட்டும் போதாது, இதில் ஒரு கணக்குக்கு ஒரே முயற்சிதான் வரும். மொத்தத் தோல்வி வழக்கத்தைவிட எகிறும்போது எல்லாருக்கும் கேப்சா காட்டுங்கள். புதுக் கருவியிலிருந்து நுழைந்தால் மின்னஞ்சலுக்கு ஓடிபி அனுப்புங்கள். எஸ்எம்எஸ் வேண்டாம்: பாட் அதையும் ஓயாமல் கேட்டு உங்கள் பில்லை ஏற்றிவிடும்.

கல்லாப்பெட்டி:
கூப்பன் விஷயம் திருட்டு அட்டைகளில் எது உயிரோடு இருக்கிறது என்று சோதிப்பது. கூப்பனின் குறைந்தபட்சத்தை 20 வெள்ளிக்கு உயர்த்துங்கள், இல்லை சில நாள் எடுத்துவிடுங்கள். சிவிவி (அட்டையின் ரகசிய எண்), 3டிஎஸ் (வங்கி அட்டைக்காரரிடம் உறுதி கேட்பது) இரண்டையும் கட்டாயமாக்குங்கள். ஒரு செஷனுக்கு 3 அட்டை முயற்சி போதும்.

தப்பித்து நிறைவேறிய 1 வெள்ளிகளை இன்றே திருப்பிக் கொடுங்கள். அட்டைக்காரர் வங்கியில் புகார் செய்தால் 1 வெள்ளியோடு தகராறுக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். மறுப்பு கூடிக்கொண்டே போனால் கட்டணச் சேவை உங்கள் கணக்கையே நிறுத்திவைக்கலாம். தீபாவளி வாரத்தில் அது நடக்கக்கூடாது. வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் பேநவ் கியூஆரை முன்னால் வையுங்கள், அங்கே அட்டை எண்ணுக்கே வேலையில்லை.

தேக்கா_சேலைக்கடை:
302 தேடினேன், 14 கணக்கு இருக்கிறது. யாருக்காவது தெரிவிக்க வேண்டுமா?

லாக்_வாசகன்:
அந்த 14 பேருக்கு இன்றே எழுதுங்கள், அதே பாஸ்வேர்டை வேறெங்கு வைத்திருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டாலோ, எண்ணிக்கை குறைவானாலும் கணிசமான தீங்கு நேரக்கூடுமானாலோ தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்படி மதிப்பிட்டதும் 3 நாள்தான் அவகாசம், வார இறுதியும் அதில் சேரும். அதற்கு ஆதாரம் லாக்தான். பல ஹோஸ்டிங்கில் அது சில நாளில் தானாக அழிந்துவிடும், முதலில் அதை நகலெடுத்து வையுங்கள்.