புகையிரதப் பெட்டிகளில் எரிவாயு விளக்கு: கூரையில் ஏன் இறப்பர்ப் பை?

கேள்வி: கொக்குவில் வாசகி

வணக்கம். லண்டனில் 1863 ஜனவரி 10ஆம் திகதி திறக்கப்பட்ட நிலக்கீழ்ப் புகையிரதப் பாதையைப் பற்றி வாசித்துக்கொண்டு போகையில் ஒரு விபரத்தில் நின்றுவிட்டேன். பாதையின் பெரும்பகுதி நிலத்துக்குக் கீழே சென்றபடியால் அந்தப் பெட்டிகளுக்குப் பகலிலும் வெளிச்சம் வேண்டியிருந்தது என்பது விளங்குகிறது. அதற்கான நிலக்கரி வாயுவை, பெட்டிகளின் கூரையில் நீண்ட மரப்பெட்டிகளைப் பொருத்தி, அவற்றுக்குள் இறப்பர்ப் பைகளில் நிரப்பிக் கொண்டு சென்றார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நீராவியைக் கொதிகலனுக்குள் அடக்கி வண்டியை இழுக்கத் தெரிந்தவர்கள், எங்கள் குசினியில் நிற்கும் சிலிண்டரைப் போல ஓர் இரும்புத் தாங்கிக்குள் அந்த வாயுவை அமுக்கி வைக்காமல், கூரையில் பை பையாகச் சுமந்து திரிந்தது ஏன்?

இரண்டாவது சந்தேகமும் உண்டு. கைவிளக்கை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாலே உள்ளங்கையால் மறைத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஓடுகிற வண்டியின் ஆட்டத்திலும் காற்றிலும் வாயுச் சுவாலை அணையாமல் எப்படி எரிந்தது? உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் என் மகன் இதைக் கேட்டபோது என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் அவனுக்கும் வாசித்துக் காட்டுவேன்.

பதில்: தெல்லிப்பழை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பிள்ளை, உங்கள் மகன் கேட்டது இரசாயனவியலின் நடுவில் நிற்கும் கேள்வி. இரும்புத் தாங்கி செய்வது அக்காலத்தில் ஒரு சிரமமாக இருக்கவில்லை. அமுக்கி வைத்தால் நிலக்கரி வாயு தன் வெளிச்சத்தை இழந்துவிடும் என்பதே சிரமம்.

நிலக்கரியைக் காற்றுப்படாமல் சூடாக்கும்போது வெளிவரும் வாயுவில் ஏறத்தாழ அரைவாசி ஐதரசன். மூன்றிலொரு பங்கு அளவுக்கு மெதேன் இருக்கும், மிச்சத்தில் காபனோரொட்சைட்டும் உண்டு. இவை மூன்றும் நன்றாக எரியும், நல்ல சூடும் தரும், ஆனால் அவற்றின் சுவாலை மங்கலான நீலம். அக்கால வாயு விளக்கில் மக்கள் கண்ட மஞ்சள் வெளிச்சம், அந்த வாயுவில் நூற்றுக்கு ஒரு சில பங்கு மட்டுமே கலந்திருந்த பென்சீன், எதிலீன் போன்ற காபன் கூடிய சேர்வைகளிலிருந்து வந்தது. அவை சுவாலைக்குள் சிதைந்து நுண்ணிய கரித்துணிக்கைகளாகி, அந்தத் துணிக்கைகள் சூட்டில் பழுத்து ஒளிர்ந்தன. இப்போது இந்தக் கலவையை ஒரு தாங்கிக்குள் அமுக்குங்கள். ஐதரசனும் மெதேனும் வாயுவாகவே இருக்கும், ஆனால் பென்சீன் ஆவி ஒடுங்கித் திரவமாகித் தாங்கியின் அடியில் தங்கிவிடும். குழாயைத் திறந்தால் விளக்குக்குப் போய்ச் சேர்வது வெளிச்சம் பிடுங்கப்பட்ட வாயுதான். குசினிச் சிலிண்டரின் கதை வேறு. அதற்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும், அவை அமுக்கத்தில் திரவமாக நின்று, திறந்ததும் முழுவதும் வாயுவாகத் திரும்பிவிடுகின்றன.

இதில் உங்கள் மகன் அறிந்து மகிழக்கூடிய ஒரு வரலாறு இருக்கிறது. 1820களில் லண்டனில் ஒரு கம்பனி, எண்ணெயிலிருந்து வாயு தயாரித்து, அதைச் சுமார் 30 வளிமண்டல அமுக்கத்தில் தாங்கிகளில் அடைத்து வீடுகளுக்கு விற்றது. தாங்கிகளின் அடியில் ஒரு திரவம் சேர்ந்துகொண்டே இருந்தது. அதை ஆராயும்படி மைக்கேல் பரடேயிடம் கொடுத்தார்கள். அதிலிருந்து 1825இல் அவர் பிரித்தெடுத்த பொருள்தான் இன்று பாடப்புத்தகத்தில் அறுகோணமாக வரையப்படும் பென்சீன். மின்காந்தத் தூண்டலுக்காக நாங்கள் நினைவில் வைத்திருக்கும் அதே பரடே, எரிவாயுத் தாங்கியின் அடிமண்டியிலிருந்து பென்சீனைக் கண்டெடுத்தார் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு நெகிழ்ச்சி ஏற்படுவதுண்டு.

ஆக, 1863இல் வாயுவை அமுக்கினால் என்ன நடக்கும் என்பது அறியப்பட்டிருந்தது. இறப்பர்ப் பையில் வாயு ஏறத்தாழச் சாதாரண அமுக்கத்திலேயே இருந்தபடியால் அதன் ஒளி குறையவில்லை. ஆனால் பை பெரிது, வாயு கொஞ்சம். ஒரு சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். நகரத்துக்குள் அந்தமும் தொடக்கமும் கிட்டக் கிட்ட இருந்த பாதைக்கு இது சரிவந்தது, இரவு முழுவதும் ஓடும் வண்டிக்குச் சரிவராது.

விடையைத் தந்தவர் பேர்ளினைச் சேர்ந்த யூலியஸ் பிஞ்ச். 1815இல் பிறந்து, தகரவேலை செய்து, 1843இல் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கிய கைவினைஞர் அவர். நிலக்கரியை விட்டுவிட்டு, பெற்றோலிய எண்ணெயையோ எண்ணெய்ப் பாறையிலிருந்து எடுத்த எண்ணெயையோ செந்தணலாகப் பழுத்த இரும்புக் கலங்களில் விழச்செய்து, அது சிதைந்து தரும் வாயுவை அவர் எடுத்தார். இந்த வாயுவில் காபன் கூடிய சேர்வைகளின் பங்கு மிகப் பெரியது. பத்து வளிமண்டலம் வரை அமுக்கும்போது அவற்றில் ஒரு பகுதி ஒடுங்கினாலும், எஞ்சிய வாயு நிலக்கரி வாயுவைவிடப் பல மடங்கு பிரகாசமாக எரிந்தது. 1870களின் தொடக்கத்திலிருந்து ஜேர்மன் புகையிரதப் பெட்டிகளிலும், அந்தத் தசாப்தம் முடியுமுன் பிரித்தானியாவிலும் இது பரவியது. கடலில் மிதக்கும் வழிகாட்டி மிதவைகளுக்கும் இதே வாயுவை நிரப்பினார்கள், ஏனெனில் ஆள் போய்ப் பார்க்காமல் அவை வாரக்கணக்கில் எரிய வேண்டியிருந்தது.

பதில்: நாவற்குழி

மாஸ்ரர் வாயுவைப் பற்றி விளக்கிவிட்டார், நான் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். என் பெரியப்பா புகையிரதப் பெட்டிகளைத் திருத்தும் வேலையில் வாழ்நாளைக் கழித்தவர். பழைய பெட்டிகளின் அமைப்புகளைக் கடதாசியில் வரைந்து காட்டுவதில் அவருக்கு அலுப்பே வராது.

வாயுவுக்கு முன் இருந்தது எண்ணெய் விளக்கு. பெட்டியின் கூரையில் ஒரு வட்டத் துளை, அதற்குள் மேலிருந்து இறக்கப்படும் கண்ணாடிக் குடுவை, அதில் கடுகினத்து விதையிலிருந்து எடுத்த எண்ணெய். மாலையானதும் விளக்குக்காரர் ஒருவர் கூரைமேல் நடந்து நடந்து, கீழே நிற்பவர் எறிந்து கொடுக்கும் விளக்குகளைப் பிடித்து ஒவ்வொரு துளையிலும் வைத்துக்கொண்டு போவார். வாசிக்க விரும்பிய பயணிகள் சொந்தமாக மெழுகுதிரி கொண்டுபோனார்கள் என்றால் அந்த வெளிச்சம் எவ்வளவாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

பிஞ்ச் முறையில் பெட்டியின் அடித்தளத்துக்குக் கீழே, சில்லுகளுக்கு இடையில், உருளை வடிவ இரும்புத் தாங்கி தொங்கும். நிலையத்தில் உள்ள பெரிய தாங்கியிலிருந்து குழாய் பூட்டி, ஏறத்தாழ ஆறு வளிமண்டல அமுக்கம் வரும்வரை நிரப்புவார்கள். அந்த அமுக்கத்தில் வாயுவை நேரே விளக்குக்கு விட்டால் சுவாலை சீறிப் பறந்து அணைந்துவிடும். இதற்காகத் தாங்கிக்கும் விளக்குக்கும் இடையில் ஒரு சீராக்கி இருந்தது, முழு அமைப்பின் உயிரே அதுதான். தட்டையான ஒரு கிண்ணத்தின் வாயை நெகிழக்கூடிய தோல் மூடியிருக்கும், அந்தத் தோல் ஒரு நெம்புகோலோடும், நெம்புகோல் வாயு உள்ளே வரும் சிறு வாயிலோடும் இணைந்திருக்கும். கிண்ணத்துக்குள் வாயு கூடினால் தோல் மேலெழுந்து வாயிலை மூடும், விளக்குகள் வாயுவை எடுத்துக்கொள்ளத் தோல் தாழ்ந்து வாயில் சிறிது திறக்கும். இப்படித் தாங்கி நிரம்பியிருந்தாலும் முடியும் தறுவாயில் இருந்தாலும் விளக்குக்குப் போகும் அமுக்கம் ஒன்றாகவே இருக்கும். உங்கள் குசினிச் சிலிண்டரின் தலையில் பூட்டும் சீராக்கிக்குள்ளும் இதே நெகிழ்தகடுதான் இருக்கிறது. வண்டி எவ்வளவு குலுங்கினாலும் வேலை பிசகாதபடி அதன் நெம்புகோலையும் வில்லையும் அமைத்ததே பிஞ்ச் பட்டறையின் பெருமை என்று பெரியப்பா சொல்வார்.

காற்றைப் பற்றிக் கேட்டீர்கள். விளக்கின் கண்ணாடிக் கிண்ணம் கீழ்ப்பக்கம் முழுவதும் மூடியது, ஆகையால் பெட்டிக்குள் யன்னல் திறந்திருந்தாலும் சுவாலைக்குத் தெரியாது. எரிவதற்கான காற்றைக் கூரைக்கு மேலிருந்து மறைப்புகளின் ஊடாகச் சுற்றி எடுத்து, எரிந்த புகையையும் கூரை வழியாகவே வெளியேற்றினார்கள். பயணிகள் சுவாசிக்கும் காற்றோடு அந்த விளக்குக்கு ஒரு தொடர்பும் இல்லை. எங்கள் அரிக்கன் லாம்பு காற்றுக்குத் தாக்குப்பிடிப்பதும் காற்றைச் சுற்றுவழியால் உள்ளே எடுப்பதால்தான்.

மீண்டும் கேள்வி: கொக்குவில் வாசகி

மாஸ்ரருக்கும் நாவற்குழி ஐயாவுக்கும் மனம் நிறைந்த நன்றி. மகன் அருகில் இருந்து வாசித்துவிட்டு இன்னொன்று கேட்கிறான். கோயில் திருவிழாவில் எரியும் பெற்றோமக்ஸில் உள்ளே எரிவது நீலச் சுவாலைதான், ஆனால் அதைச் சுற்றி மாட்டியிருக்கும் மென்ரில் என்ற வலைப்பை வெள்ளையாக ஒளிர்கிறது. அப்படியானால் மென்ரில் வந்த பிறகு சுவாலை பிரகாசமாக இருக்கவேண்டிய தேவையே இல்லாமற் போயிருக்குமே, அப்போது அமுக்கிய நிலக்கரி வாயுவே போதும் அல்லவா?

பதில்: தெல்லிப்பழை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அவன் சரியாகப் பிடித்துவிட்டான். மென்ரிலுக்கு வேண்டியது சூடு மட்டுமே. அவுஸ்திரியரான கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாஹ் 1885இல் முதல் மென்ரிலுக்குக் காப்புரிமை பெற்றார், ஆனால் அதன் ஒளி பச்சை கலந்து மங்கலாக இருந்தது. 1891இல் அவர் கண்ட கலவை, 99 பங்கு தோரியம் ஒட்சைட்டும் 1 பங்கு சீரியம் ஒட்சைட்டும், உலகின் வாயு விளக்குகளையே மாற்றியது. அந்த ஒரு பங்கு சீரியம் இல்லாவிட்டால் மென்ரில் மிக மங்கலாகவே ஒளிரும், கூடிவிட்டாலும் ஒளி குறையும்.

புகையிரதத்துக்கு இது உடனே வந்து சேரவில்லை. ஒருமுறை எரிந்த மென்ரில் வெறும் சாம்பற் கூடு. திருவிழாவில் பெற்றோமக்ஸைத் தலையில் சுமந்து போகும்போது கால் இடறினாலே அது உதிர்வதைப் பார்த்திருக்கிறோம், தண்டவாளப் பொருத்துகளில் தடதடக்கும் பெட்டியில் அது நிலைக்குமா? ஆகவே ஜேர்மனியில் சில காலம் எண்ணெய் வாயுவோடு ஒரு பங்கு அசற்றலீனைக் கலந்து வெளிச்சத்தைக் கூட்டினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தலைகீழாகத் தொங்கும் சிறிய, உறுதியான மென்ரில்கள் வந்த பின்னரே அவை பெட்டிகளுக்குள் நிலைபெற்றன.

தோரியம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. 1904இல் இலங்கையில், பலாங்கொடைப் பக்கத்தில், தோரியம் மிகச் செறிந்த ஒரு புதிய கனிமத்தைக் கண்டெடுத்தவர் அப்போது இலங்கைக் கனிமவள ஆய்வின் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனான அவரைக் கலை மேதையாகவே எங்கள் பிள்ளைகள் அறிவார்கள். தோரியனைற்று என்று பெயர் பெற்ற அந்தக் கனிமத்தின் பெரும்பகுதி, மென்ரிலுக்கு வேண்டிய அதே தோரியம் ஒட்சைட்டு. ஐந்து ஆண்டுகள் கழித்து, தென்திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் கொண்ட இன்னொரு கனிமமான மொனசைற்று இருப்பதை ஒரு ஜேர்மன் இரசாயனவியலாளர் கண்டார். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் அள்ளும் தொழில் அதன் பிறகு தொடங்கியது.

பதில்: சாவகச்சேரி

இவ்வளவு சொன்ன பிறகு தீயைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அமுக்கப்பட்ட எரிவாயுவை மரப்பெட்டிகளுக்கு அடியில் தொங்கவிட்டு, முன்னால் நெருப்புத் தணலோடு ஓர் இயந்திரத்தையும் ஓடவிட்டால், மோதல் நடந்த அன்று என்ன ஆகும்? 1910 நத்தாருக்கு முதல்நாள் விடியுமுன், வட இங்கிலாந்தின் ஹோஸ் சந்தியில் நடந்த மோதலில், உடைந்த தாங்கிகளின் வாயு தீப்பற்றி 12 பேர் இறந்தார்கள். 1913 செப்ரெம்பரில் அதே பாதையில் எயிஸ்கில் என்ற இடத்தில் மேலும் 16 பேர். 1915 மே 22இல் ஸ்கொட்லாந்தின் குவின்ரின்ஷிலில், போர்முனைக்குப் புறப்பட்ட படையினரை ஏற்றிய பழைய வாயு விளக்குப் பெட்டிகள் எரிந்ததில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பலரை அடையாளம் காணக்கூட முடியவில்லை. மின்விளக்குக்கு மாறும்படி விசாரணை அதிகாரிகள் வற்புறுத்தியும் பணச்செலவைக் காட்டி மாற்றத்தை இழுத்தடித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1928இலும் சார்ஃபீல்டில் வாயு விளக்குப் பெட்டிகள் எரிந்தன.

பதில்: நாவற்குழி

சாவகச்சேரி நண்பரின் கோபம் நியாயமானது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: மரத்தால் ஆன பெட்டிகள் மோதலில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து விறகுக் குவியலாகியிருக்காவிட்டால், வாயு அத்தனை உயிர்களைக் குடித்திருக்காது. உருக்குப் பெட்டியும் மின்விளக்கும் சேர்ந்து வந்தபோதே ஆபத்து நீங்கியது.

மின்விளக்கு திடீரென வந்ததுமல்ல. 1881 ஒக்ரோபரிலேயே லண்டனிலிருந்து பிரைற்றனுக்குப் போன ஒரு சொகுசுப் பெட்டியில் பற்றரியால் எரியும் மின்குமிழ்களைப் பூட்டிப் பார்த்தார்கள். பற்றரியை அடிக்கடி இறக்கி மின்னேற்ற வேண்டியிருந்தது. 1890களில் சில்லின் அச்சிலிருந்து பட்டியால் சுழலும் டைனமோ வந்தது, வண்டி ஓட ஓடத் தானே மின்னை ஆக்கிக்கொண்டது. 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் சொல்லாமலே விளங்கும்: சுற்றுவது நின்றால் சத்தமும் நின்றுவிடும், வேகமாகச் சுற்றினால் குமிழ் எரிந்துபோகும். முதற் சிக்கலுக்குப் பெட்டியின் அடியில் பற்றரி வைத்தார்கள், வண்டி நிலையத்தில் நிற்கும்போது அது விளக்கை எரித்தது. இரண்டாவதற்கு டைனமோவை ஊஞ்சலைப் போலத் தொங்கவிட்டார்கள். வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் டைனமோ பட்டியின் இழுப்பில் அச்சின் பக்கம் நகரும், பட்டி தளர்ந்து வழுக்கும், மின்னோட்டம் அதற்குமேல் கூடாது. பெரியப்பா வரைந்த கடதாசிகளில் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஊஞ்சல் டைனமோவின் படம் ஒன்றுதான். தம்பிக்கு விருப்பமென்றால் அதைப் படமெடுத்து இங்கே இடுகிறேன்.