சூப்பர்மேனுக்கு ஏன் 19 வருட இடைவெளி?

அரசலாறு, கும்பகோணம்
நான்காம் பாகம் வந்தது 1987-இல். அடுத்த படம் 2006-இல்தான். வார்னர் பிரதர்ஸிடம் பணத்துக்கா பஞ்சம்? என் மகன் கேட்கிறான், பதில் சொல்லத் தெரியவில்லை. நடுவில் நிக்கோலஸ் கேஜ் நடிப்பதாக இருந்ததாமே, நிஜமா?

பாமணியாறு, மன்னார்குடி
நிஜம்தான். ‘சூப்பர்மேன் லிவ்ஸ்’ என்று பெயர், இயக்கம் டிம் பர்ட்டன். முதலில் எழுதியவர் கெவின் ஸ்மித். சூப்பர்மேன் பறக்கக் கூடாது, அந்த உடை கூடாது, கடைசியில் ராட்சதச் சிலந்தியோடு சண்டை வேண்டும் என்று தயாரிப்பாளர் ஜான் பீட்டர்ஸ் கேட்டதாக ஸ்மித்தே மேடையில் சொல்லியிருக்கிறார். பர்ட்டன் வந்ததும் ஸ்மித் எழுதியதை ஒதுக்கிவிட்டு வேறு ஆட்களை எழுத வைத்தார். 1998-இல் எல்லாம் நின்றது. ஒரு காட்சிகூட எடுக்காமல் சுமார் 3 கோடி டாலர் போயிற்று.

கேஜுக்கு உடை போட்டுப் பார்த்தபோது எடுத்த படம் இணையத்தில் கிடைக்கிறது. தோள் வரை முடி, பளபளக்கும் நீல உடை. அதை என்னால் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியவில்லை. நான் நாடகத்துக்கு உடை தைப்பவன். ஒரு பங்குனித் திருவிழாவுக்கு ராஜபார்ட் உடை தைத்தேன். கறுப்பு வெல்வெட், கை முழுக்கச் சமிக்கி, 11 நாள் வேலை. ஊரில் இரண்டு தெருவுக்குத் தகராறு வந்து நாடகம் நின்றுவிட்டது. கூலியைக் குறையில்லாமல் கொடுத்தார்கள். உடை இன்னும் பெட்டியில் அந்துருண்டையோடு கிடக்கிறது.

குடமுருட்டி, பாபநாசம்
கேஜ் படத்தோடு முடியவில்லை அண்ணே. வோல்ஃப்காங் பீட்டர்சன் இயக்க, பேட்மேனும் சூப்பர்மேனும் மோதும் படம் ஒன்றும் 2002-இல் கைவிடப்பட்டது. அப்புறம் ஜே.ஜே. ஏப்ரம்ஸ் எழுதிய ‘ஃப்ளைபை’. அதற்கு இயக்குநராக பிரெட் ராட்னர் வந்து போனார், மெக்ஜி வந்தார். படப்பிடிப்பு ஆஸ்திரேலியாவில் என்றானதும் மெக்ஜியும் விலகினார். அவருக்கு விமானம் ஏறப் பயம்.

பாமணியாறு, மன்னார்குடி
சரியாகச் சொன்னீர்கள் தம்பி. அரசலாறு சார், என்னைக் கேட்டால் காரணம் இதுதான்: வந்தவர் ஒவ்வொருவரும் புதுத் துணியை எடுத்து முதலிலிருந்து வெட்டினார்கள். பிரையன் சிங்கர் மட்டும்தான் அளவுச் சட்டை வைத்துத் தைத்தார். 1978 படத்தில் ஜான் வில்லியம்ஸ் போட்ட இசை, மார்லன் பிராண்டோவின் குரல், எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டார். 2006-இல் படம் திரைக்கு வந்தது. அதற்கும் அடுத்த பாகம் வரவில்லை, அது வேறு விஷயம்.

அரசலாறு, கும்பகோணம்
ரொம்ப நன்றி ஐயா. கேஜ் அந்த உடையில் நடமாடுவதைப் பார்க்க முடியுமா? பையன் விடமாட்டேன் என்கிறான்.

பாமணியாறு, மன்னார்குடி
முடியும். கைவிட்ட அந்தப் படத்தைப் பற்றி ஜான் ஷ்னெப் 2015-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதில் ஒத்திகைக் காட்சிகள் இருக்கின்றன. 2023-இல் வந்த ‘தி ஃப்ளாஷ்’ படத்திலும் கேஜ் சில நொடிகள் சூப்பர்மேனாக வருகிறார், எதிரே அதே ராட்சதச் சிலந்தி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பக்கம் இந்தப் பங்குனிக்கு நாடகம் வைக்கப் பேச்சு நடக்கிறது. வெல்வெட்டை எடுத்து நிழலில் காயப் போட்டிருக்கிறேன். இப்போதைய ராஜபார்ட் கொஞ்சம் பருமன், இடுப்பைப் பிரித்துத் தைக்க வேண்டும்.