பிலிப்பினோ போர்வீரர்களுக்கு 2009-ல் கிடைத்தது உரிமையா, கணக்கு முடிப்பா?

கயல்விழி:
இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவுக்காகப் போரிட்ட பிலிப்பினோ முன்னாள் படைவீரர்களுக்கு அமெரிக்கா 2009-ல் கொடுத்த தொகையோடு நீதி கிடைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

1941 ஜூலை 26 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவால் பிலிப்பைன்ஸ் காமன்வெல்த் படை, அதாவது அன்று அமெரிக்காவின் கீழ் தன்னாட்சியோடு இருந்த பிலிப்பைன்ஸின் படை, அமெரிக்க ராணுவத்தின் சேவைக்குள் வந்தது. அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் தலைமையில் பத்தான் தீபகற்பத்தில் ஜப்பானியரோடு பட்டினியோடு போரிட்டவர்களிலும், 1942 ஏப்ரலில் சரணடைந்து சிறைமுகாமுக்கு நடத்திச் செல்லப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் இவர்கள்தான். போர் முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1946 பிப்ரவரி 18-ல் வந்த செலவுக் குறைப்புச் சட்டம், அந்தப் படைக்கு 20 கோடி டாலர் ஒதுக்கிவிட்டு, அவர்கள் செய்த சேவையைப் பெரும்பாலான சலுகைகளுக்கு அமெரிக்க ராணுவச் சேவையாகக் கருதக்கூடாது என்று எழுதிவைத்தது. அப்போதைய அதிபர் ட்ரூமன் அதில் கையெழுத்துப் போட்டபோதே, இதனால் அமெரிக்காவின் தார்மீகக் கடமை தீர்ந்துவிடாது என்று அறிக்கை விட்டார். சட்டம் நிலைத்துவிட்டது, கடமை நிறைவேறவில்லை.

ஆதவன்:
பாதியை விட்டுவிட்டீர்கள். அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. போரில் ஊனமானவர்களுக்கும் இறந்தவர் குடும்பங்களுக்கும் ஈட்டுத்தொகை தொடர்ந்தது. அதே 1946-ல் பிலிப்பைன்ஸ் மறுசீரமைப்புச் சட்டத்தில் 62 கோடி டாலர் ஒதுக்கினார்கள். கேசான் சிட்டியில் படைவீரர் மருத்துவமனை அமெரிக்கப் பணத்தில் எழுந்தது. 1946 ஜூலை 4-ல் நாடு சுதந்திரம் அடைகிறது. ஒரு தனி நாட்டின் படைவீரர்களை யார் காலம் முழுக்கப் பராமரிப்பது என்பது அன்று நிஜமான கேள்வி. படைவீரர் நலத்துறைத் தலைவர் ஒமர் பிராட்லி போட்ட மதிப்பீடு சுமார் 300 கோடி டாலர். நாடாளுமன்றம் தயங்கியதை வெறும் துரோகம் என்று சொல்லிவிட முடியாது.

கயல்விழி:
அந்த ஈட்டுத்தொகை எந்த விகிதத்தில் வந்தது என்பதையும் சொல்லுங்கள். அமெரிக்கருக்கு ஒரு டாலர் என்றால் பிலிப்பினோவுக்கு ஒரு பெசோ. அன்று இரண்டு பெசோ ஒரு டாலர், ஆகவே சரியாகப் பாதி. 1960-களில் பெசோ மதிப்பு இறங்கியதும் அந்தப் பாதியும் தேய்ந்தது. 1966-ல்தான் டாலருக்கு 50 சென்ட் என்று கணக்கை மாற்றினார்கள். மணிலாவில் விலைவாசி குறைவு என்பதுதான் இதற்குச் சொன்ன காரணம். அப்படியானால் கலிஃபோர்னியாவில் குடியேறி அங்கே வாடகை கட்டிய பிலிப்பினோவுக்கு ஏன் பாதி? காமன்வெல்த் படையினரிலும் அங்கீகரிக்கப்பட்ட கொரில்லாப் போராளிகளிலும் அமெரிக்காவில் வசித்தவர்களுக்கு முழு விகிதம் 2000-ல்தான் வந்தது. அமெரிக்க ராணுவத்தில் பிலிப்பினோக்களைக் கொண்டு அமைந்த ஸ்கவுட் படையில் 1945 அக்டோபருக்குப் பிறகு சேர்ந்த புதியவர்கள் 2003 வரை காத்திருந்தார்கள்.

இளமாறன்:
பணத்தைப் பேசும்போது குடியுரிமை விட்டுப்போகிறது. இரண்டும் ஒரே முடிச்சு.

1942-ல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டப்படி அமெரிக்கப் படையில் இருந்த வெளிநாட்டவர், வழக்கமான வசிப்புக் காலம் இல்லாமலே குடியுரிமை பெறலாம். 1946 டிசம்பர் 31-க்குள் முடித்துவிட வேண்டும். மணிலாவில் அந்த அதிகாரம் ஒரு துணைத் தூதரிடம் இருந்தது. வீரர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறிவிடுவார்கள் என்று பிலிப்பைன்ஸ் அரசு கவலைப்பட்டதால் 1945 அக்டோபரில் அதைப் பறித்தார்கள். அடுத்த அதிகாரி வந்தது 1946 ஆகஸ்டில். சுமார் 9 மாதம் விண்ணப்பம் வாங்க ஆளே இல்லை. மிச்சம் இருந்த ஐந்து மாதத்தில் நாலாயிரம் பேர் அளவில் குடியுரிமை பெற்றார்கள். மற்றவர்களுக்குக் கெடு தாண்டிவிட்டது.

கெடு தாண்டியது இவர்கள் குற்றமில்லை என்று நீதிமன்றம் போனார்கள். 1973-ல் ஹிபி வழக்கிலும் 1988-ல் பங்கிலினான் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. நியாயம் கருதிக் குடியுரிமை வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, சட்டமியற்றுவோர்தான் தரமுடியும் என்றது. அதனால்தான் 1990 குடிவரவுச் சட்டத்தின் 405-ஆம் பிரிவு வந்தது. கிரீன் கார்டு தேவையில்லை, ஆனால் முதலில் அமெரிக்க மண்ணில் இருந்தே முடிக்க வேண்டும் என்றார்கள். எழுபது வயதுக்காரர் கடன் வாங்கி விமானம் ஏற வேண்டிய நிலை. பிறகுதான் மணிலாவிலேயே உறுதிமொழி எடுக்கத் திருத்தம் வந்தது. விண்ணப்பக் கெடு 1995 பிப்ரவரி 3 வரை நீண்டது. 20,000-க்கும் அதிகமானவர்கள் குடியுரிமை பெற்றார்கள், 45 வருடம் தாமதமாக.

ஆதவன்:
குடியுரிமை விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். அந்த 9 மாதத்துக்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் சேவையைச் சரிபார்க்கும் விதிகளையும் அநியாயம் என்று சேர்த்துவிடாதீர்கள். போர் முடிந்ததும் கொரில்லா என்று உரிமை கோரியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ராணுவம் அங்கீகரித்தது சுமார் 2,60,000 பேரை. பின்னாளில் பிலிப்பைன்ஸ் அதிபரான ஃபெர்டினாண்ட் மார்கோஸே மகர்லிகா என்ற படைப்பிரிவை நடத்தியதாக ஆயிரக்கணக்கான பெயர்களோடு உரிமை கோரினார். அமெரிக்க ராணுவம் விசாரித்து நிராகரித்தது. பட்டியல் விற்பனையே நடந்த காலம் அது. சம்பந்தப்பட்ட ராணுவத்தின் சான்று இல்லாமல் எப்படிப் பணம் கொடுப்பது?

தாமரைச்செல்வன்:
ஆதவன் சார், சரிபார்ப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எதை வைத்துச் சரிபார்த்தார்கள் என்பதுதான் பிரச்சினை. அந்தத் தாள்களைப் பார்த்தால் புரியும்.

படிவம் 23 என்று ஒன்று. பிலிப்பைன்ஸ் ராணுவத்தினர் போர் முடிந்த கையோடு நிரப்பிய உறுதிமொழித் தாள். 1941 டிசம்பரிலிருந்து எந்தெந்தத் தேதியில் எந்தப் பிரிவில் இருந்தாய், எப்போது சரணடைந்தாய், சிறைமுகாமிலிருந்து எப்போது வெளியே வந்தாய், ஜப்பானியருக்குக் கீழ் வேலை பார்த்தாயா என்று காலவரிசையில் எழுத வேண்டும். நிரப்பிய பலருக்கு ஆங்கிலம் அரைகுறை. வரிசையில் நிற்கவைத்து எழுத்தர் கேட்டுக் கேட்டு எழுதியதும் உண்டு. அதில் மலையில் கொரில்லாவாக இருந்த மாதங்களை விட்டுவிட்டால், அறுபது வருடம் கழித்து அந்த விடுபடலே எதிரான சாட்சியாகிறது.

அடுத்தது பெயர். பிலிப்பினோ பெயரில் நடுவில் வருவது தாயின் குடும்பப் பெயர். அதைக் கடைசிப் பெயர் என்று எடுத்துத் தேடினால் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ராணுவ ஆவணக் காப்பகத்தில் அப்படி ஒருவர் இல்லை என்றே பதில் வரும். ஒரு எழுத்து மாறிய ஞானஸ்நானச் சான்று, மலையில் வைத்துக்கொண்ட புனைபெயர், இரண்டு விதப் பிறந்த தேதி எல்லாம் இதே கதைதான். விவரம் தெரிந்தவர்கள் மனுவில் எல்லா எழுத்து வடிவங்களையும், படை எண், பிரிவு, தளபதி பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு வடிவத்திலும் தனித்தனியாகத் தேடச் சொல்லிக் கேட்பார்கள். புதுச் சான்று கிடைத்தால் அதை மறுபடி ராணுவத்துக்கு அனுப்பிக் கேட்க வேண்டும் என்று 2008-ல் கபேயான் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதுவரை பழைய ‘இல்லை’யையே திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இளமாறன்:
இதில் எனக்குத் தாங்காத இடம் ஒன்று உண்டு. குடியுரிமைக்கு மட்டும், அமெரிக்கப் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காகவே பிலிப்பைன்ஸ் ராணுவத் தாள்களைத் தள்ளக்கூடாது என்று 1994-ல் அல்மேரோ வழக்கில் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தாளைப் படைவீரர் நலத்துறைக்குக் கொண்டுபோனால் எடுபடாது. அமெரிக்க ராணுவத்தின் சான்றே இறுதி என்று டூரோ வழக்கில் 1992-லேயே முடிவாகிவிட்டது. போர்வீரர் என்ற காரணத்துக்காகவே ஒருவருக்குக் குடியுரிமை கிடைக்கும், அதே தாளோடு பென்ஷன் கேட்டால் நீ போர்வீரர் இல்லை என்று பதில் வரும். நாடு ஒன்று, தாள் ஒன்று, பதில் மட்டும் இரண்டு.

ஆதவன்:
அல்மேரோ முரண்பாட்டை ஒப்புக்கொள்கிறேன், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 2008-ல் செனட் நிறைவேற்றிய மசோதாவைப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் வசிப்பவர்களுக்கு மாதப் பென்ஷன், திருமணமானவருக்கு 375 டாலர், தனியாளுக்கு 300. பணம் எங்கிருந்து? 65 வயது தாண்டிய போர்க்கால வீரர்களுக்கு 2006-ல் ஹார்ட்னெஸ் தீர்ப்பு தந்த கூடுதல் பென்ஷனைத் திருப்பிப் பிடித்து. ஒரு ஏழை முதியவரின் கையிலிருந்து எடுத்து இன்னொரு ஏழை முதியவருக்கு. செனட்டர் ரிச்சர்ட் பர் அந்தப் பகுதியை நீக்கத் திருத்தம் கொண்டுவந்து தோற்றார். அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. கடைசியில் மாதப் பென்ஷன் கைவிடப்பட்டு ஒரேமுறைத் தொகை ஆனதற்கு இந்தச் சண்டையும் ஒரு காரணம்.

கயல்விழி:
பணத்துக்கு அந்த வழியைத் தேர்ந்தது தவறுதான், மறுக்கவில்லை. அதற்கான விலையை வீரர்கள் ஏன் கட்ட வேண்டும்?

2009 பிப்ரவரி 17-ல் பொருளாதார மீட்புச் சட்டத்துக்குள் செருகிய 1002-ஆம் பிரிவைப் படியுங்கள். அமெரிக்கக் குடிமகனுக்கு 15,000 டாலர், மற்றவருக்கு 9,000. ஒரே குழியில் கிடந்து சண்டை போட்டவர்களில் 6,000 டாலர் வித்தியாசம், குடியுரிமைத் தாள் இருப்பதாலும் இல்லாததாலும். அந்தத் தாள் எப்படிக் கிடைக்காமல் போனது என்பதை இளமாறன் மேலே எழுதியிருக்கிறார். விண்ணப்பிக்க ஒரே வருடம். வீரர் மனுப் போட்டுவிட்டு இறந்தால் மனைவிக்கு வரும். மனுப் போடும் முன் இறந்திருந்தால் மனைவிக்கு ஒரு காசு கிடையாது. பிள்ளைகளுக்கு எப்படியும் இல்லை. தொகையை வாங்கினால், அதற்கு முன்பே தகுதி இருந்த சலுகைகளைத் தவிர, அந்தச் சேவைக்காக இனி எந்த உரிமையும் கோருவதில்லை என்று ஆகிவிடும். தலைப்பில் உள்ள ‘கணக்கு முடிப்பு’ இதுதான்.

ஒதுக்கிய நிதி 19.8 கோடி டாலர். 1946-ல் ஒதுக்கியது 20 கோடி. அறுபத்து மூன்று வருட விலையேற்றத்துக்குப் பிறகும் அதே அளவுதான், பின்னர் சற்றுக் கூட்டினார்கள். 42,000-க்கும் மேல் மனுக்கள் வந்தன. பாதிக்கு மேல் நிராகரிப்பு.

தாமரைச்செல்வன்:
நிராகரிப்புகளுக்காக 2012 அக்டோபரில் வெள்ளை மாளிகை ஒரு கூட்டுக்குழு போட்டது. சரிபார்ப்பு நடைமுறையை விளக்கி 2013-ல் அறிக்கை வந்தது, விதி மாறவில்லை. 2014-ல் டகுபா வழக்கில், ஆவணக் காப்பகம் ‘இல்லை’ என்று சொன்னால் போதாது, ராணுவமே சொல்ல வேண்டும் என்று தீர்ப்பானது. அதற்குள் மனுதாரர்கள் தொண்ணூறைத் தொட்டிருந்தார்கள்.

ஆதவன்:
ஒருவேளை 2009-ல் ஒன்றுமே செய்யாமல் முழுச் சமத்துவ மசோதாவுக்காகக் காத்திருந்திருந்தால்? சுமார் 19,000 பேருக்கு உயிரோடு இருக்கும்போது கையில் பணம் வந்தது. வீரர்களுக்காகப் பேசிவந்த செனட்டர்கள் இனோயேவும் அகாகாவும் அதை ஒப்புக்கொண்டது அதற்காகத்தான். 9,000 டாலர் என்றால் அன்று 4 லட்சம் பெசோவுக்கு மேல். எண்பத்தைந்து வயதில் அது மருந்துச் செலவு.

இளமாறன்:
அந்த முடிவை நானும் குறை சொல்லமாட்டேன், எதிரே நேரமே இல்லை. ஆனால் பிள்ளைகள் கதை மிச்சம் இருக்கிறது. தந்தை குடிமகனாகி மனுக் கொடுத்தாலும், பிலிப்பைன்ஸில் இருக்கும் திருமணமான பிள்ளைக்கு விசா வரிசை இருபது வருடத்தைத் தாண்டும். தந்தைக்கு அத்தனை ஆயுள் இல்லை. அந்தப் பிள்ளைகளை விசா எண்ணிக்கை வரம்பிலிருந்து விலக்கும் மசோதாவை செனட்டர் மேஸி ஹிரோனோ திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 2013-ல் செனட்டின் பெரிய குடிவரவு மசோதாவில் சேர்ந்தது, அது கீழவையைத் தாண்டவில்லை. 2016 ஜூனில் தற்காலிக நுழைவு அனுமதித் திட்டம் மட்டும் வந்தது. அது விசா இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் வீரர்களுக்கு நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் தரும் சட்டமும் வந்தது. அவர்கள் சேவையை அமெரிக்க ராணுவச் சேவையாகக் கருதக்கூடாது என்று 1946-ல் எழுதிய வரியோ அமெரிக்கச் சட்டத்தொகுப்பில் 38-ஆம் தலைப்பின் 107-ஆம் பிரிவாக இன்னும் நிற்கிறது.