அச்சில் போட்ட தோட்டப் பாதை மாவா உதிருது, ஓரமும் பிட்டுக்குது – வழி சொல்லுங்க

செம்மண்காடு:
உடுமலைப் பக்கம் எங்க தோட்டம். வாசல்ல இருந்து கிணத்துமேடு வரைக்கும் அம்மா நடக்கப் பாதை போடறேன். போன மழைக்கு சேத்துல வழுக்கி விழுந்துட்டாங்க. கல்லு பதிச்ச மாதிரி வர்ற பிளாஸ்டிக் அச்சு, 60 செ.மீ. சதுரம், 6 செ.மீ. உயரம். ஒன்பது தடவை கான்கிரீட் போட்டாச்சு. அச்சைத் தூக்கினா ஓரம் கூடவே வந்துருது, சிலது இட்லி மாவாட்டம் பரவிருச்சு. அஞ்சு நாள் கழிச்சு விரல்ல தேய்ச்சா திருநீறு மாதிரி ஒட்டுது.

கிணத்தடி:
தண்ணி எவ்வளவு ஊத்துனீங்க? மேல சிமெண்ட் தூவுனீங்களா?

செம்மண்காடு:
அளக்கலைங்க, குழைவா வர்ற வரைக்கும் ஊத்துனேன். மேல தண்ணி மினுமினுன்னு நின்னுது, அதனால ரெண்டு கை சிமெண்ட் தூவித் தேய்ச்சேன். முக்கால் இஞ்ச் ஜல்லிதான் போட்டேன். மறுநாள் ஒரு தடவை தண்ணி தெளிச்சேன்.

பழைய மேஸ்திரி:
தம்பி, தூவின சிமெண்டுதான் மாவா வருது. மேல நிக்கிற தண்ணியோட அது கூழாகி, பலமில்லாத தோலா நின்னுருச்சு. போதாததுக்கு ஆடிக் காத்து; இறுகறதுக்குள்ள ஈரத்தை உறிஞ்சிருக்கும்.

ஒரு பாண்டு சிமெண்டுக்கு ரெண்டு பாண்டு எம்-சாண்ட் (கல்லை அரைச்ச மணல்), கால் இஞ்ச் சிப்ஸ் ஜல்லி மூணு பாண்டு. முக்கால் ஜல்லி இந்த அச்சோட சந்துல இறங்காது. அரை மூட்டை சிமெண்டுக்கு 12 லிட்டருக்கு மேல தண்ணி வேண்டாம், மணல் ஈரமா இருந்தா இன்னும் குறைங்க. ஒரு கைப்பிடி கலவையை இறுக்கிப் பிடிங்க: உருண்டை உடையாம நிக்கணும், விரலிடுக்குல தண்ணி வடியக்கூடாது. நான் லிட்டரை விட இதைத்தான் நம்புவேன்.

ஒவ்வொரு தடவையும் அச்சைக் கழுவி, துணியில எண்ணெய் தொட்டு உள்பக்கம் பூசுங்க. முந்தின கலவை காஞ்சு ஒட்டியிருந்தா அதுதான் ஓரத்தைப் பிடிச்சு இழுக்கும். மூலைக்கு மூலை கரணை நுனியால குத்தி விட்டு, பத்து நிமிசம் கழிச்சு நேரா மேல தூக்குங்க, சாய்க்காதீங்க. அம்மா நடக்கற இடம். மேல வழவழன்னு தேய்க்காம, தென்னை விளக்குமாத்தால குறுக்கா லேசா ஒரு இழுப்பு இழுங்க, கால் பிடிக்கும். அப்புறம் ஈரச் சாக்கு போட்டு பத்து நாள் காயவிடாதீங்க.

செம்மண்காடு:
ரொம்ப நன்றிங்கண்ணா. போட்டதை என்ன பண்றது? மேல சிமெண்ட் பால் பூசலாமா?

பழைய மேஸ்திரி:
பூசாதீங்க, உரிஞ்சு வந்துரும். ஆணியால கீறிப் பாருங்க. மேலாக்க கோடு விழுந்தா கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவினா போதும். ஆணி உள்ள இறங்கினா உடைச்சு, அந்தத் துண்டையே அடியில கிராவலோட போட்டு திமிசு அடிச்சிருங்க.

செம்மண்காடு:
கீறிப் பாத்தேன். மூணு உடைச்சாச்சு, ஆறு தேறுச்சு. இன்னைக்கு வெயில் தாழ நாலு புதுசு போட்டேன், ஓரம் கத்தி வெச்சு வெட்டின மாதிரி நிக்குதுங்கண்ணா. அம்மா எப்ப நடக்கலாம்?

பழைய மேஸ்திரி:
மூணு நாள் கழிச்சு நடக்கட்டும். உரம் ஏத்தின தள்ளுவண்டியை மட்டும் பத்து நாள் விடாதீங்க.